பஸ் ஒத்துக்கொள்ளாத மனைவி

லண்டனில் இருக்கும் மகள் போன மாதம் கைப்பேசியில் சில படங்கள் அனுப்பினாள். நீலக் கடலின் நடுவே கால் ஊன்றி நிற்கும் மரவீடுகள். எங்கள் ஐம்பதாவது திருமண நாளுக்கு என்னையும் மனைவியையும் மாலைதீவுக்குக் கூட்டிப்போகத் திட்டமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருடம் பூகோளம் படிப்பித்தவன் நான். இலங்கைத் தீவில் குடியிருப்பவனை இன்னொரு தீவைப் பார்க்கக் கூப்பிடுவது என்ன புத்தி? கண்டிக்குப் பக்கத்தில் எங்கள் பிலிமத்தலாவையில் காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் ஏதாவதொரு கடற்கரையில் இறங்கிவிடலாம். அன்று பின்னேரம் அவள் வீடியோவில் வந்தபோது இதை உரக்கவே சொன்னேன்.

"கத்தாதீங்கப்பா. அம்மாவுக்கு பஸ் ஒத்துக்காதுன்னுதானே பிளேன்ல போற மாதிரி பாத்தேன். பிளேன்ல வளைவு இல்ல, வாந்தி வராது."

அடுப்படியிலிருந்து மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "யாருக்குடி வாந்தி?"

"உங்களுக்குத்தாம்மா. அதனாலதானே அப்பா உங்கள ஒரு ட்ரிப்புக்கும் கூட்டிட்டுப் போகல?"

"வாரத்துல ரெண்டு நாள் கண்டி மார்க்கெட்டுக்கு பஸ்ல நின்னுக்கிட்டே போறேன். ஒரு நாள் வாந்தி எடுத்ததில்ல. யாரு சொன்னா?"

சொன்னவன் நான்தான்.

எங்கள் பாடசாலை ஆசிரியர்கள் வருடந்தோறும் சுற்றுலா போவோம். திருகோணமலை, காலி, மன்னார் எல்லாம் பார்த்தேன். மற்றவர்கள் மனைவியோடு வருவார்கள். அந்தப் பெண்கள் ஆசிரியைகள், அலுவலக லிகிதர்கள். என் மனைவி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். அவள் வாயைத் திறந்தால் என் மதிப்புக் குறைந்துவிடும் என்று பயந்தேன். நானும் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்தவன்தான், என் தாயும் கூடை சுமந்தவள்தான். அதை மறைத்துக்கொண்டுதான் இந்தப் பயம். கேட்டவர்களிடம் அவளுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது என்றேன். மகளிடமும் அதையே சொன்னேன். மனைவியிடம் மட்டும், பெண்கள் வராத பயணம் என்றேன். திரும்பும்போது கருவாடு வாங்கி வருவேன். அவள் எதுவும் கேட்டதில்லை.

அலை எப்படி எழுகிறது என்று கரும்பலகையில் எத்தனை பிள்ளைகளுக்கு வரைந்து காட்டினேன்! கட்டியவளுக்கு ஓர் அலையைக்கூடக் காட்டவில்லை. நானெல்லாம் என்ன வாத்தியார்? மகள்மீது பாய்ந்த கோபம் முழுவதும் என்மீதே பாய்ந்திருக்க வேண்டியது.

பொய் சொன்னவன் யார் என்று மனைவிக்கு விளங்கிவிட்டது. "கடல்ல இருந்து எனக்கு வந்தது கருவாடு மட்டுந்தான்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு மகளிடம் திரும்பினாள்.

"நான் வர்றேன்டி. ஒரு டிக்கட் போடு."

"அப்பாவுக்கு?"

"அவருக்கு இன்னொரு தீவு வேணாமாம். இப்பத்தானே கத்துனாரு."

"இது நம்ம கல்யாண நாளுக்குப் போற பயணம்" என்று சீறினேன். "நீ தனியா போறதா?"

"நீங்க ட்ரிப் போனப்பவும் நமக்குக் கல்யாணம் ஆகித்தான் இருந்துச்சு."

இன்னும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. ஆனால் அவளிடம் அதைக் காட்ட எனக்கு என்ன வாய் இருக்கிறது? அவளுடைய கடவுச்சீட்டு விண்ணப்பத்தை நேற்று நான்தான் நிரப்பினேன். தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று எழுதப் போனேன்.

"கொழுந்து பறிச்சவள்னு எழுதுங்க" என்றாள்.

தோட்டத் தொழிலாளி என்று எழுதினேன்.

"என்ன எழுதுனீங்க? சத்தமா வாசிங்க."

வாசித்தேன்.