கடல் நத்தையோடு வட்டகொடை வரை

உயிருள்ள கடல் பிராணியை மலைநாட்டுக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ, தெரியாது. ஒரே ஒருவர் இருந்தாலும் அவர் என்னைப்போல் அவதிப்படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

போனது கடந்த செப்டம்பர் கடைசியில். காரணம் என் மனைவி ரேணுகா. அவள் ஆராய்ச்சி செய்வது ஓடில்லாத கடல் நத்தைகளில் குடியிருக்கும் பக்டீரியாக்களைப் பற்றி. ஓடே இல்லாத நத்தையை மீன் ஏன் தின்பதில்லை? உள்ளே இருக்கும் பக்டீரியா அதற்கு நஞ்சு செய்து கொடுக்கிறது. பதிலுக்கு நத்தை இடமும் சாப்பாடும் கொடுக்கிறது. இவள் தேடுகிற பக்டீரியாவைத் தனியே எடுத்து வளர்க்க இதுவரை முடியவில்லை. நத்தை செத்தால் அதுவும் போச்சு. இதைப் பாடம் மாதிரி எனக்கு ஒப்பிக்க வைத்துத்தான் அனுப்பினாள்.

தலைப்பிரசவத்துக்காக அவள் வட்டகொடையில் அம்மா வீட்டில் இருந்தாள். நுவரெலியாவில் தெரிந்தவர் ஒருவர் தன் ஆய்வுகூடத்தில் ஒரு மேசை தருவதாகச் சொல்லியிருந்தார். நத்தை மட்டும் திருகோணமலையில். மழைக்காலம் தொடங்கிக் கடல் கலங்கிவிட்டால் பிறகு அடுத்த வருசம்தான். "புள்ள பொறந்தப்பறம் என்னைய யாருங்க கடல்ல எறங்க விடப்போறா?" என்று போனில் கேட்டாள். ஹட்டன் பஜாரில் வளர்ந்த, நீச்சல் தெரியாத நான் நத்தை பிடிக்க அவள் வாங்கியிருந்த அனுமதிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அவளோடு படித்த நண்பர் ஒருவர் கடலில் இறங்கி நத்தைகளைப் பிடித்துத் தந்தார். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, நீலமும் மஞ்சளுமாக, பார்க்க அழகாகத்தான் இருந்தன. கடல் தண்ணீர் நிரப்பிய போத்தல்கள், சுற்றிலும் ஐஸ், வெளியே மீன்காரர்கள் வைத்திருக்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டி. காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறினேன். கண்டிக்கு சுமார் 180 கிலோமீட்டர், ஆறு மணி நேரம்.

தலைவலி அங்கேயே ஆரம்பித்தது. பெட்டியில் என்ன என்று கண்டக்டர் கேட்டார். கடல் நத்தை என்றேன். சங்கா, சிப்பியா என்றார். ஓடு இருக்காது, அட்டை மாதிரி வழவழவென்று இருக்கும் என்று சொல்லித் தொலைத்தேன். கரையோரத்தில் கடலட்டை என்றால் விலை உயர்ந்த ஏற்றுமதிச் சரக்கு. அவ்வளவுதான், பஸ் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. தம்புள்ளை வரை ஒருவர் கிலோ என்ன விலை போகிறது என்று விடாமல் கேட்டுக்கொண்டே வந்தார். பெட்டிக்கும் ஒரு டிக்கெட் போட்டார்கள்.

கண்டியிலிருந்து மதிய ரயில். அதுவும் தாமதம். கதவெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் தொங்கிக்கொண்டு படம் எடுக்கிறார்கள். மடியில் பெட்டியோடு நான். ஐஸ் உருகி பேண்ட் நனைந்து, தலவாக்கலை வந்தபோது எனக்கே குளிர் காய்ச்சல் வரும்போல இருந்தது. இயற்கைக் காட்சி பற்றிக் கேட்காதீர்கள். நான் பார்க்கவில்லை.

வட்டகொடையில் இறங்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. ஆய்வுகூடம் பூட்டியிருக்கும், காலையில் வேனில் போகலாம் என்று முடிவு. ரேணுகா ஒவ்வொரு போத்தலாகத் தூக்கிப் பார்த்தாள். எல்லாம் உயிரோடு இருந்தன. அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. அவள் படுத்த பிறகு, இத்தனை பத்திரமாக என்ன கொண்டுவந்தேன் என்று மாமியார் கேட்டார். களைப்பில் வாய் தானாகச் சொன்னது: "கடல்ல இருக்க அட்டைங்க மாமி."

மலையில் அட்டை என்றால் ஒன்றுதான். மாமியார் முப்பது வருசம் மழையில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். காலில் ஏறி இரத்தம் குடிக்கிற அதற்கு அவருக்குத் தெரிந்த மருந்தும் ஒன்றுதான்.

காலையில் நான் முகம் கழுவி வருவதற்குள் காரியம் முடிந்திருந்தது. ஒரு நத்தை போத்தலின் வாய்வரை ஏறியிருந்ததாம். வெளியே வந்துவிடும் என்று பயந்து ஒவ்வொரு போத்தலிலும் ஒரு கைப்பிடி உப்பு போட்டுக் குலுக்கியிருக்கிறார். நீலமும் மஞ்சளும் போய், அடியில் சுருண்டு கிடந்தன.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பஸ்ஸில் பட்ட பாடு, ரயிலில் பட்ட பாடு எல்லாம் வீண். "வயித்துப் புள்ளக்காரி படுத்திருக்கா, அவ மேல ஏறிருச்சுன்னா என்னங்க மாப்ள பண்றது?" என்றார் மாமியார். சொன்ன வார்த்தை என்னுடையது.

ரேணுகா சத்தம் போடவில்லை. அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அது என்ன, உள்ளே என்ன இருந்தது, அடுத்து எப்போது கிடைக்கும் என்று பொறுமையாகச் சொன்னாள். மாமியார் எழுந்து அடுப்படிக்குப் போனார். நான் வேனை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

போகிறவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். முதல் நாளே கண்டிக்கு வந்து தங்கி, காலை ரயிலைப் பிடியுங்கள். நேராக நானுஓயா போங்கள். அங்கிருந்து நுவரெலியா எட்டு கிலோமீட்டர்தான், வேன் எப்போதும் நிற்கும். வழியில் எந்த வீட்டிலும் தங்காதீர்கள், அது எவ்வளவு அன்பான வீடானாலும். ஐஸ் உருகாத பெட்டியாக வாங்குங்கள். யாராவது கேட்டால் மீன் என்று சொல்லுங்கள். அட்டை என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது.

மத்தியானம் சோறு போடும்போதுதான் மாமியார் வாய் திறந்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே மகளிடம் சொன்னார்:

"அடுத்த வருசம் நானும் வாறேன். கரையில புள்ளய நான் வச்சிக்கிறேன், நீ எறங்கு. யாரு என்னா சொல்றாங்கன்னு நான் பாத்துக்கிறேன்."

நத்தைகள் செத்ததற்கு அழாத ரேணுகா, சோற்றில் கை வைத்தபடி அப்போது அழுதாள்.