நீலப் பட்டுப் பாவாடைப் படம்

என் கணவர் ஃப்லோரிமோன் வாழ்நாள் முழுவதும் நாகரிகச் சீமாட்டிகளைத்தான் வரைந்தார். கடிதம் படிக்கும் சீமாட்டி, விசிறி பிடித்த சீமாட்டி, சன்னலோரம் சும்மா நிற்கும் சீமாட்டி. பட்டுத் துணியை வரைய அவரை விட்டால் ஆளில்லை என்று பிரஸ்ஸல்ஸில் பெயர். அவரிடம் படம் முடியவே முடியாது என்றும் பெயர்.

எல்லாம் அந்தச் சீமாட்டிகளின் பாவாடையால் வந்த வினை. பாரிஸிலிருந்து புதுப் பாணி வந்துவிட்டால் போதும், முடிந்த படத்தில் பாவாடையைச் சுரண்டி மாற்றி வரைய ஆரம்பித்துவிடுவார். உள்ளே கம்பிக் கூண்டு வைத்து விரித்த பாவாடை போய், பின்பக்கம் திமில் மாதிரி புடைத்தது வரும். அதுவும் போய் இன்னொன்று வரும். முகத்தை மட்டும் தொடமாட்டார். வாங்க வந்தவர் காத்துக் காத்து வேறு ஓவியரிடம் போய்விடுவார். நான் தொப்பி தைத்துக் குடும்பத்தை ஓட்டினேன், தலையிலும் அடித்துக்கொண்டேன்.

அவர் சுரண்டாமல் விட்டது ஒரே படம். கல்யாணமான புதிதில், நீலப் பட்டுக் கூண்டுப் பாவாடையில் என்னை வரைந்தது. நான் இளமையாக இருந்ததற்கு அது ஒன்றுதான் சாட்சி. வயதான காலத்தில், கண்காட்சிக்கு அனுப்ப வேறெதுவும் முடியவில்லை என்று அதையே சுவரிலிருந்து கழற்றினார்.

“கை வைக்காம அனுப்புறதா இருந்தா அனுப்புங்க.”

“சத்தியமா வைக்கமாட்டேன், ஸிடோனி.”

திறப்புக்கு முந்தின நாள் வார்னிஷ் நாள். கூடத்தில் மாட்டிய படத்தை ஓவியர்கள் அங்கேயே திருத்திக்கொள்ளலாம். அன்று காலை வண்ணப்பெட்டியைக் கரிக்கூடைக்குள் ஒளித்தேன். மனுஷர் வெறுங்கையோடு கிளம்பினார். மதியம்தான் எனக்கு உறைத்தது: கூடம் முழுக்க ஓவியர்கள், தூரிகைக்கா பஞ்சம்! போட்டது போட்டபடி ஓடினேன்.

நினைத்தபடியே, யாருடைய தூரிகையோ அவர் கையில்.

“இந்த வருஷத்துப் பாணின்னு பூசணிக்கா மாதிரி உப்பின சட்டைக் கையை எனக்கும் மாட்டி விட்டீங்களா?” கூடமே திரும்பிப் பார்த்தது.

“நீயே பாரேன்.”

பாவாடையில் ஒரு மடிப்புகூட மாறவில்லை. அதற்கு மேலே, கன்னம் தொங்கி, காதோரம் நரைத்து, இன்றைய நான்.

“அடப்பாவி மனுஷா! ஊர்ல இருக்கவளுக்கெல்லாம் பாவாடைய மாத்தினீங்க, எனக்கு மட்டும் மூஞ்சியவா?”

“அந்தப் பொண்ணு எனக்குச் சரியா ஞாபகம் வரல, ஸிடோனி. உன்னத்தான் தெரியுது.”

ஆத்திரத்தோடு அழுகையும் வந்து தொலைத்தது.

“கன்னம் ஒண்ணும் இவ்வளவு தொங்கல,” என்றேன்.

“அப்படியா?” என்று மறுபடி தூரிகையைத் தூக்கினார்.

“தொட்டீங்கன்னா பாருங்க!”

முடிந்துவிட்டது என்று அவர் ஒப்புக்கொண்ட படம் அது ஒன்றுதான்.