இந்தியப் பெருங்கடலில் ஒரு குங்குமத் தீவு

எழுபதுகளின் கடைசி, ஒரு மாசி மாதம். பி.ஏ. முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். சும்மா இருக்கத் தெரியாத ஆள் நான். எங்கள் வீடு சமயநல்லூரில். அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தது எழுமலைக்கு அங்கிட்டு ஒரு சின்ன ஊரில். அங்கே ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். அக்கா மகள் அந்த வருஷம் ஐந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்க பக்கம் நல்ல பள்ளிக்கூடமா இருந்தா ஒங்க வீட்ல விடுறேன். இல்லைன்னா அஞ்சோட போதும், காட்டு வேலைக்கு ஆளாச்சு" என்று அக்கா வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

"நான் பாத்துச் சொல்றேன் மாமா!" என்று முந்திக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு வந்து தங்கியிருந்த அக்கா மகளையும் கையில் பிடித்துக்கொண்டு, நடுநிலைப் பள்ளிகளை ஒப்பிட்டுப் பார்க்கக் கிளம்பினேன்.

முதலில் எங்கள் ஊர்ப்பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளி. வயலோரம் ஓட்டுக் கட்டடம். சுவரில் ஆணி மட்டும் இருந்தது, படங்கள் இல்லை. அலமாரியில் தூசிக்கு நடுவே வட்டமாக ஒரு சுத்தமான இடம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு மஞ்சள் பூசணிக்காயைச் சுற்றி உட்கார்ந்து, அதன்மேல் சாக்பீஸால் நிலநடுக்கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மேப்பெல்லாம் இல்லையா டீச்சர்?" என்றேன்.

"இருக்கும்மா. இப்ப கொஞ்சம் வெளிய போயிருக்கு" என்றார் அந்த டீச்சர், ஏதோ சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போன ஆளைச் சொல்வது போல.

வாசலைத் தாண்டியதும் சிரித்துவிட்டேன். "இங்க சேந்தா உலகத்தைக் குழம்பு வச்சுருவாங்க!"

மறுநாள் டவுன் பஸ் ஏறிச் சிம்மக்கல். அங்கே ஒரு மாநகராட்சிப் பள்ளி. மாடிக் கட்டடம், சுவரெல்லாம் படம். மேஜையின் மேல், ஜன்னல் வெயிலில், பெரிய உலக உருண்டை. அக்கா மகள் ஒற்றை விரலால் அதை மெல்லத் தள்ளினாள். நீலம் நகர்ந்தது, பச்சை வந்தது, மறுபடி நீலம். கீழே கடைவீதியில் மூட்டை இறக்குகிற சத்தம் எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டது. அறையே மிதப்பது போல இருந்தது எனக்கு.

"சித்தி, இது எந்தத் தீவு?"

இலங்கைக்குக் கீழே, நடுக்கடலில், சிவப்பாக ஒரு புள்ளி. பேர் போடவில்லை. பி.ஏ. படித்த எனக்கும் தெரியவில்லை. நகத்தால் லேசாகச் சுரண்டினேன். அடியில் சந்தனம்! ஆயுத பூஜைக்கு யாரோ வைத்த பொட்டு.

ஆனாலும் அவளுக்கு அது தீவுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் காதோரம் கேட்டுக்கொண்டே வந்தாள். "அங்க தெருவெல்லாம் செவப்பா இருக்குமா சித்தி? பள்ளிக்கூடம் எத்தனாவது வரைக்கும் இருக்கும்?"

சிம்மக்கல்தான் என்று மாமாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் வெள்ளை வேட்டி கட்டி வந்தார். மூவரும் போனோம்.

மேஜை காலி. சுவரும் காலி.

"அதுவா? இன்ஸ்பெக்‌ஷனுக்கு வாங்கி வச்சிருந்தோம். நேத்தோட முடிஞ்சது. இப்பத்தான் வந்து எடுத்துட்டுப் போறாங்க" என்றார் அங்கிருந்த ஆசிரியர், ஒளிவுமறைவில்லாமல். இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் ஒரு பள்ளிக்கூடத்துச் சாமான் இன்னொரு பள்ளிக்கூடத்துக்குப் போய் வருவது வழக்கமாம். துடிப்பாகக் கிளம்பிய எனக்கு அது தெரியாது.

படியிறங்கும்போது மாமா சொன்னார்: "இரவல் நகையப் போட்டுப் பொண்ணு காட்டுன மாதிரியில்ல இருக்கு! போதும். துணிமணிய எடுத்து வை, சாயங்காலமே ஊருக்குப் போறோம்."

அக்கா மகள் படியில் நின்று மாடியைத் திரும்பிப் பார்த்தாள்.

பஸ்ஸில் கூட்டம். முன்னாலிருந்து கண்டக்டர் குரல் கேட்டது. "என்ன டீச்சர், உலகத்துக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?"

"மடியிலதானே இருக்கு, டிக்கெட் எதுக்குண்ணே?"

எட்டிப் பார்த்தேன். பூசணிக்காய் டீச்சர்! மடியில் உலக உருண்டை, கக்கத்தில் சுருட்டிய படங்கள். நான் வாய் திறப்பதற்குள் அக்கா மகள் ஆட்களுக்கு இடையே நுழைந்து போய்விட்டாள்.

"இது ஒங்களதா டீச்சர்? இதுல என் தீவு இருக்கு!"

டீச்சர் சிரித்துக்கொண்டே உருண்டையை அவள் கையில் கொடுத்துவிட்டார். மாமா பின்னாலேயே போய் நின்றார்.

"ஏன் டீச்சர், இருக்கிறதே ஒண்ணு. அதையும் குடுத்துட்டா ஒங்க பிள்ளைக என்ன செய்யும்?"

"அங்கயும் பிள்ளைகதானே படிக்குதுக? அவுகளோட தராசு அடுத்த வாரம் எங்களுக்கு வரும். இது திரும்பி வர்ற வரைக்கும் பூசணிக்காய்ல படிச்சோம். பாடம் முடிஞ்சதும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் குழம்பும் வச்சாச்சு."

மாமா சத்தமாகச் சிரித்துவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தேனூர்ப் பக்கத்து வயலெல்லாம் பொன்னாக ஓடிக்கொண்டிருந்தது.

இறங்கியதும் மாமா துண்டைச் சும்மாடு கட்டி, உருண்டையைத் தலையில் வைத்துக்கொண்டார். வரப்பு வழியே பள்ளிக்கூடம் வரைக்கும் அவர் முன்னால், நாங்கள் பின்னால். அந்த நீலம் வெயிலில் அசைந்து அசைந்து போனது இன்றைக்கும் கண்ணை மூடினால் தெரிகிறது. அலமாரியில், தூசிக்கு நடுவே இருந்த அந்த வட்டத்தில், அவர்தான் இறக்கி வைத்தார். அச்சாகப் பொருந்தியது.

"இதுல நம்ம எழுமலை எங்க இருக்கு ஆத்தா?" என்று மகளைக் கேட்டார்.

"அம்புட்டுச் சின்னதெல்லாம் இதுல தெரியாதுப்பா" என்றாள் அவள், பெரிய மனுஷி போல.

மாமா சும்மாட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீச்சர் பக்கம் திரும்பினார். "ஜூன்ல கூட்டிட்டு வாரேன் டீச்சர்."

இப்போதும் எந்த இடத்தில் வெறும் அலமாரியைப் பார்த்தாலும், 'இங்க ஒண்ணுமில்லை' என்று சொல்ல வாய் எடுக்கும் முன்னே தூசிக்கு நடுவே இருந்த அந்த வட்டம் நினைவுக்கு வந்துவிடுகிறது. இங்கே இருந்தது இப்போது யார் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறதோ என்றுதான் முதலில் தோன்றுகிறது.