வெள்ளை அம்மாவின் கறுப்புக் குட்டிகள்

எலிகளோடு நான் குடும்பம் நடத்திய வருஷங்கள் அவை. செல்போன்களில் இன்னும் பட்டன் இருந்த காலம். பாண்டிச்சேரி முதலியார்பேட்டையில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, காலையில் இட்லி தொண்டையை விட்டு இறங்குவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடுவேன். ஆராய்ச்சி மாணவி என்று பெயர். செய்த வேலை, சுண்டெலிப் புழுக்கைகளைப் பொறுக்கிச் சோதிப்பது. பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா "மெடிக்கல் ரிசர்ச்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

புழுக்கையில் நாங்கள் தேடியது நோரோ வைரஸை. கல்யாணத்துக்கு வந்த கூட்டம் மொத்தத்தையும் வாந்தி பேதியில் படுக்கவைக்கிற கிருமிக் குடும்பம் அது. எலிகளுக்கென்று அதில் தனியாக ஒரு வகை உண்டு. வேடிக்கை என்னவென்றால், அது தொற்றிய எலியைப் பார்த்தால் நோயாளி என்றே தெரியாது. தின்னும், ஓடும், குட்டி போடும். வைரஸ் பாட்டுக்குக் குடலில் குடியிருக்கும். எங்களிடம் இருந்தவை குடல் சீக்கிரம் புண்ணாகிற கறுப்பு இன எலிகள். வைரஸ் உள்ள எலியின் குடலுக்கும் இல்லாத எலியின் குடலுக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் என் ஆய்வு. அதனால் ஒரு கூட்டத்துக்கு வைரஸ் இருந்தே ஆக வேண்டும், இன்னொன்றை அது அண்டவே கூடாது.

அண்டாமல் பார்த்துக்கொண்டவர், எலிக் கூண்டுகளைக் கவனித்துவந்த அக்கா. கடலோரக் குப்பத்துக்காரர். வீட்டுக்காரர் கடலுக்குப் போவார், மாமியார் மீன் விற்பார், இவர் மட்டும் எலி வளர்க்க வந்துவிட்டார். கூண்டில் உமி மாற்றும்போது வாய் ஓயாது. "தோ, நகருடி. உன் வீட்டத்தான பெருக்குறேன்." எங்கள் பேராசிரியை பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்தவர், ஒழுங்கு என்றால் அவருக்கு உயிர். எல்லோருக்கும் அவர் மேடம். முதலில் சுத்தமான மேற்கு அறை, அப்புறம்தான் வைரஸ் உள்ள கிழக்கு அறை. கிழக்கே போனவர் அன்றைக்கு மேற்கே தலைகாட்டக் கூடாது. இது மேடத்தின் சட்டம், அக்கா அதை மீறிப் பார்த்ததில்லை.

ஆயுத பூஜை அன்று மட்டும் மீறினார். மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. உமியை அவித்துச் சுத்தம் செய்கிற ஆட்டோகிளேவுக்கு மாலையும் போட்டாயிற்று. "பூஜைய கெழக்கால இருந்துதான் ஆரம்பிக்கணும்" என்றார் அக்கா. நல்ல காரியத்தைக் கிழக்கில் ஆரம்பிப்பதில் யாருக்கு என்ன தப்பு தெரியும்? கிழக்கு அறையில் கற்பூரம் காட்டினார். ஒவ்வொரு கூண்டாகத் திறந்து, "உங்களுக்கும் இன்னிக்கிப் பண்டிகதான்" என்று ஒரு பிடி பொரி போட்டார். அதே கையோடு, அதே பொரிப் பையோடு மேற்கு அறைக்கு நடந்தார். பின்னால் தட்டைத் தூக்கிக்கொண்டு நான். எனக்குப் பின்னால், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற மேடம், செருப்பைக் கழற்றிவிட்டுப் பயபக்தியோடு.

அடுத்த மாதச் சோதனையில் மேற்கு அறைப் புழுக்கையிலும் வைரஸ் இருந்தது. எப்படி வந்தது என்று மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் பொரியில் வந்து நின்றோம். எனக்குச் சாதாரணமாகவே மூக்குக்கு மேல் கோபம் வரும். "எலி வந்து பொரி கேட்டுச்சாக்கா?" என்று கத்தினேன்.

"பண்டிக அன்னிக்கி நாம மட்டும் துன்னா நல்லாவா இருக்கும், பாப்பா?" என்றார். கண் கலங்கியிருந்தது. மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு "வொலா" என்றார். சந்தோஷமானாலும் சங்கடமானாலும் அவர் வாயில் "இதோ பார்" என்கிற அந்தப் பிரெஞ்சு வார்த்தைதான் வரும்.

வைரஸுக்கு மருந்து கிடையாது. இரண்டு அறை எலிகளையும் கொன்று முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். ஆனால் அந்தக் கறுப்பு இனம் வெளிநாட்டிலிருந்து படாத பாடுபட்டு வரவழைத்தது, இன்னொரு தடவை கிடைக்காது. இனம் போனால் என் ஆய்வும் போச்சு. ஒரே ஒரு வழி இருந்தது. பிறந்த கையோடு, வைரஸ் ஒட்டுவதற்கு முன்பே குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, வைரஸ் இல்லாத வேறொரு தாயிடம் விடுவது. அவள் ஏற்றுக்கொண்டால் இனம் பிழைக்கும். பிடிக்காவிட்டால் கடித்துத் தின்றுவிடுவாள்.

கீழ்த்தளத்தில் புதிய அறை தயாரானது. வேறு இடத்திலிருந்து, அப்போதுதான் குட்டி போட்ட ஒரு வெள்ளை எலி வந்தது. பழைய அறைக்குள் போகிறவர் புதிய அறைக்குள் வர முடியாது. யார் எந்தப் பக்கம் என்று மேடம் கேட்டார்.

"நான் பழசுங்ககிட்டயே இருந்துக்குறேன் மேடம்" என்றார் அக்கா. "கடைசில அதுங்கள வேற யாரு பாத்துக்குவா?"

கறுப்பு எலி ஈன்ற அன்று, அக்கா குட்டிகளை மருந்துத் தண்ணீரில் துடைத்துக் கீழே கொண்டுவந்து, புதிய அறைக்கு வெளியே நின்றபடியே சுவரிலிருந்த சின்னக் கதவு வழியாக உள்ளே இருந்த என்னிடம் நீட்டினார். ரோஜா நிறத்தில், அவரைப் பருப்பு மாதிரி இருந்தன. வெள்ளை எலியின் உமியில் அவற்றைப் புரட்டி எடுத்து, அதன் வாசம் ஏறியதும் அவளுடைய குட்டிகளோடு சேர்த்து வைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார். வெள்ளை எலி வந்தது, மோந்தது, ஒரு குட்டியை வாயில் கவ்வியது. எனக்கு உயிரே போய்விட்டது. கவ்விய குட்டியைக் கொண்டுபோய்த் தன் வயிற்றுக்கடியில் போட்டுக்கொண்டு, அடுத்ததை எடுக்க வந்தது. திரும்பிப் பார்த்தால் அக்கா கண்ணாடியை இரண்டு உள்ளங்கையாலும் தட்டிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்கவில்லை.

சில நாளில் குட்டிகள் கறுக்கத் தொடங்கின. வெள்ளைத் தாயின் மடியில் வரிசையாகக் கறுப்புப் பிள்ளைகள். "நம்ம பாண்டிச்சேரிக்கு இதெல்லாம் புதுசா என்ன?" என்று மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். சோதனையிலும் வைரஸ் இல்லை என்று வந்தது. நான் அறைக்குள்ளேயே ஒரு ஆட்டம் போட்டேன்.

மேலே பழைய எலிகளை ஒரு வழியாக முடித்தார்கள். அதுவரைக்கும் அக்கா வேளை தவறாமல் உமி மாற்றினார், பேசினார். அப்புறம் சில நாள் லீவில் வீட்டில் இருந்துவிட்டு, தலைக்குக் குளித்து, புதிய உடுப்பும் கையுறையுமாக முதல்முறை கீழ் அறைக்குள் வந்தார். ஒரு குட்டியை உள்ளங்கையில் எடுத்து முகத்தருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"அப்பிடியே அம்மா ஜாடை" என்றார்.

அந்த இனமே ஒரே அச்சில் வார்த்தது, எது எதன் ஜாடை என்று எவராலும் சொல்ல முடியாது. அது அக்காவுக்கும் தெரியும். மேடம் சீண்டினார்: "எந்த அம்மா? வெள்ளையா, கறுப்பா?"

"பெத்தவதான் மேடம். அவதான் இல்லியே. ஜாடையாவது இருக்கட்டும்."

மேடம் கூண்டின் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டார். அக்கா குட்டியை வெள்ளை அம்மாவின் பக்கத்தில் விட்டார்.