எட்டு சிலிண்டருக்கு ஒரு எலுமிச்சம்பழம்

வண்டி ட்ரையல் பார்க்க வருகிற ஆண்களைக் கண்டாலே இப்போதெல்லாம் எனக்குக் குமட்டுகிறது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று, "அங்கிள் இருக்காரா? அந்த வின்டேஜ் வண்டி..." என்று ஒரு குரல் இழுத்தால் போதும், காலையில் குடித்த காபி நெஞ்சுக்கு ஏறி வருகிறது.

அந்த வண்டி என் வீட்டுக்காரருடையது. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் மெஷின் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கேயோ துருப்பிடித்துக் கிடந்த பழைய அமெரிக்கக் கார் ஒன்றின் கூட்டை லாரியில் ஏற்றிவந்து, பொம்மனஹள்ளியில் எங்கள் வீட்டுப் பின்பக்க ஷெட்டில் இறக்கி, அதற்குள் ஒரு பெரிய எட்டு சிலிண்டர் என்ஜினைப் பொருத்தினார். இந்த மாதிரி வண்டிக்கு ஹாட் ராட் என்று பெயராம். கிழவனுக்குப் பயில்வானின் இதயத்தை வைத்துத் தைத்திருக்கிறீர்கள் என்று நான் சொன்னேன். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார். வண்டி முடிந்த கையோடு அவருடைய முழங்கால் போய்விட்டது. ஆபரேஷன் செய்தும் கால் சரியாக மடங்கவில்லை. அவ்வளவு தாழ்வான சீட்டில் ஏறி உட்காரக்கூட முடியாது. விற்றுவிடலாம் என்று அவரே சொன்னபோது நான் மறுபேச்சுப் பேசவில்லை.

விற்பது என்றால் ட்ரையல் உண்டு. ட்ரையல் என்றால் பக்கத்தில் யாராவது உட்கார்ந்து போக வேண்டும். அந்த யாராவது நான்தான். ஸ்கூலில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், வகுப்பை மேய்த்த பழக்கம் இருக்கிறது, நீயே போ என்றார் வீட்டுக்காரர். எனக்கு அந்த வண்டியை ஓட்டவும் தெரியும். ஓட்டியதால்தான் அதைக் கண்டு பயம். அதன் வேகம் இந்தக் காலத்தது, பிரேக் அந்தக் காலத்தது. ஆக்ஸிலேட்டரில் கால் கட்டைவிரல் பட்டாலே பாயும். நிறுத்த வேண்டுமென்றால் முன்கூட்டியே யோசித்து, சீட்டில் முதுகை அழுத்தி, முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். தினமும் ஆபீசுக்குப் புது ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுகிறவர்களுக்கு இது பழக்கமே கிடையாது. ஆனால் அதைச் சொன்னால் அவர்களுக்கு ரோஷம் வந்துவிடும்.

அதனால் சில விதிகள் வைத்திருந்தேன். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு வர வேண்டும். பெல்ட் போட வேண்டும். வண்டியில் இரண்டு பேர்தான். முதலில் எங்கள் சந்துக்குள்ளேயே மெதுவாகப் போய், பிரேக்கை நாலைந்து தடவை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் மெயின் ரோடு. இதில் என்ன கஷ்டம்? ஆனால் ஒருத்தர் ரப்பர் செருப்போடு வந்து, "நான் புல்லட்டே இதுலதான் ஓட்டுவேன்" என்றார். இன்னொருத்தர் பெல்ட் போட்டால் வீடியோவில் பழைய லுக் கெட்டுப்போகும் என்று அவிழ்த்துப் போட்டார். வேறொருவர் என்னைப் பின்சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு நண்பனை முன்னால் ஏற்றப் பார்த்தார். எல்லோருக்கும் படிப்பு இருக்கிறது, நல்ல சம்பளம் இருக்கிறது. அடுத்தவன் ரோட்டில் நடக்கிறான் என்ற நினைப்பு மட்டும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர் இவர்களைவிட மேல் என்றுதான் நினைத்தேன். கோயம்புத்தூர்க்காரர், சர்ஜாபுரா பக்கம் ஃப்ளாட்டில் இருக்கிறார். ஷூ போட்டிருந்தார். "வணக்கமுங்க ஆன்ட்டி" என்று கைகூப்பினார். பெல்ட்டைச் சொல்லாமலே மாட்டினார். எனக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது, மனுஷரைத் தப்பாக எடை போட்டுவிட்டோமே என்று.

ஆனால் பையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்தார். நாலு டயருக்கு நாலு. அம்மா ஊரிலிருந்து போன் பண்ணிச் சொன்னாராம், பவர் ஜாஸ்தியான வண்டி, திருஷ்டி கழிக்காமல் தொடாதே என்று. இந்த ஊரில் ஸ்கூட்டர் வாங்கினாலும் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதெல்லாம் வாங்கின பிறகு செய்கிற காரியம். இவர் ட்ரையலுக்கே செய்கிறார் என்றதும் என் வீட்டுக்காரருக்குப் பல் அத்தனையும் தெரிந்தது. வாக்கரை ஊன்றிக்கொண்டு வந்து, வாங்கப்போகிற ஆள்தான் என்று என்னிடம் கண்ணைக் காட்டினார்.

நாலு பழமும் நசுங்கின. ஐந்தாவது ஒன்று இருந்தது. அதில் குங்குமம் வைத்து டேஷ்போர்டின் மேல் வைத்தார். அந்த வண்டியின் டேஷ்போர்டு வழவழவென்ற தகரம், விளிம்பே கிடையாது.

"அதை எடுத்திடுங்க தம்பி, உருண்டு விழும்" என்றேன்.

"சாமி பழமுங்க ஆன்ட்டி. அது பாட்டுக்கு இருக்கட்டுங்க."

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா, கொஞ்சம் விட்டுக்கொடு" என்றார் வீட்டுக்காரர் வெளியே நின்றபடி. "நல்ல காரியம் நடக்கிறப்ப குறுக்க பேசாத."

நானே அதை எடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே என் கையிலிருந்து வாங்கி, பழையபடி அதே இடத்தில் வைத்தார். அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. பெரியவர்கள் சொன்னால் கேட்பதுபோல் முகம், கேட்காத கை.

சந்துக்குள் ஒழுங்காகத்தான் ஓட்டினார். பக்கத்து இண்டஸ்ட்ரியல் ஏரியாவுக்குள் திரும்பியதும் ரோடு காலியாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஷட்டர்கள் எல்லாம் இறங்கியிருந்தன. "ஒரே ஒரு தடவைங்க ஆன்ட்டி" என்று சொல்லிக்கொண்டே ஆக்ஸிலேட்டரை மிதித்தார். என் தலை பின்னால் போய் முட்டியது. பழம் டேஷ்போர்டிலிருந்து உருண்டு அவர் மடியில் விழுந்து, காலடிக்குப் போனது. கொஞ்ச தூரத்தில் கார்மெண்ட்ஸ் கம்பெனி ஒன்றின் கேட்டிலிருந்து ஒரு பெண் வெளியே வந்து ரோட்டில் இறங்கினாள். கழுத்தில் ஐடி கார்டு, கையில் டிபன் பை. ஓவர்டைம் முடிந்து போகிறவளாக இருக்க வேண்டும்.

"பிரேக்!" என்று கத்தினேன்.

மிதித்தார். பெடல் பாதியிலேயே நின்றுவிட்டது. பழம் அடியில் போய்ச் சிக்கியிருந்தது. சிக்கினால் என்ன, ஓங்கி மிதித்தால் நசுங்கியிருக்கும். இல்லை, ஸ்டியரிங்கையாவது திருப்பியிருக்கலாம். அவர் என்ன செய்தார் தெரியுமா? காலை எடுத்துவிட்டு, குனிந்தார். ஓடுகிற வண்டியில், ரோட்டை விட்டுவிட்டு, ஒரு கையை விட்டுக் கீழே தேடினார்.

நான் சாவியைத் திருகி அணைத்துவிட்டு, நடுவில் இருந்த ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி கிறீச்சிட்டு இழுத்துக்கொண்டே போனது. அந்தப் பெண் ஓடவில்லை. ஓடத் தோன்றவில்லை போலிருக்கிறது. இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள். வண்டி நின்றபோது அவள் உள்ளங்கைகள் பானெட்டின் மேல் இருந்தன. கண்ணாடி வழியாக நேராக என்னைப் பார்த்தாள். கையை எடுத்து, கீழே விழுந்த டிபன் பையைப் பொறுக்கிக்கொண்டு, எதிர்ப்பக்கம் போய் நடையைக் கட்டினாள். நான் பெல்ட்டைக் கழற்றிக் கதவைத் திறப்பதற்குள் அவள் தூரமாகப் போய்விட்டாள்.

அதற்கப்புறம்தான் அவர் நிமிர்ந்தார். கையில் பழம்.

"கிடைச்சிருச்சுங்க ஆன்ட்டி!" என்றார்.

அவரைப் பக்கத்து சீட்டுக்கு மாற்றிவிட்டு நானே வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்தேன். வழியெல்லாம் வண்டியின் பிக்கப் பற்றியே பேசினார்.

கேட்டில் வீட்டுக்காரர் தயாராக நின்றார். வண்டி நின்றதும் முதலில் அவர் கண்ணில் பட்டது பானெட். "யாரு இது மேல கை வச்சது?" என்று கேட்டு, தோளில் கிடந்த துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஒரு பொம்பள" என்றேன். "இவர் மோதியிருப்பாரு. நூலிழையில தப்பிச்சா."

"எந்தப் பொம்பளைங்க?" என்றார் வந்தவர். நிஜமாகவே தெரியாமல் கேட்டார். "ரோட்டுல யாருமே இல்லீங்களே ஆன்ட்டி."

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பழம் சிக்கியது, இவர் குனிந்தது, நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தது, அவள் கை வைத்து நின்றது. வந்தவர் கையிலிருந்த பழத்தைப் பார்த்தார். "அம்மா சொன்னது சரியாப் போச்சுங்க. இது இல்லீன்னா என்னாகியிருக்கும்" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். இந்த ஆளிடம் இனி பேச என்ன இருக்கிறது என்று வீட்டுக்காரரைப் பார்த்தேன். முப்பது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்தவர். அவராவது துணியைக் கீழே போடுவார் என்று எதிர்பார்த்தேன்.

துடைப்பதை நிறுத்தினார். முகம் மலர்ந்தது.

"ஹேண்ட் பிரேக் பிடிச்சுதா? அந்த வேகத்துலயா?" என்றார். பிறகு அந்த ஆள் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா சார், அந்த கேபிள் நான் போட்டது" என்றார்.

சாவியை நான் கொடுக்கவில்லை. வந்தவர் விலையை ஏற்றிக்கூடக் கேட்டுப் பார்த்தார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அன்றைக்குச் சமைக்கவில்லை. வீட்டுக்காரர் ஹோட்டலில் சாம்பார் சாதம் வரவழைத்துத் தனியாகச் சாப்பிட்டார்.

வண்டி இன்னும் ஷெட்டில்தான் நிற்கிறது. போன்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அவர் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், அடுப்படி வரைக்கும் கேட்கும். அந்தப் பெண்ணைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் பழைய வண்டியாச்சே, பிரேக் நிற்குமா என்று யார் கேட்டாலும், அவர் குரலில் ஒரு பெருமை ஏறிவிடுகிறது.

"கண்ண மூடிட்டு ஓட்டலாம் சார். எங்க வீட்லயே டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டாங்க."