அன்னப் படிக்கல்

மொன்ட்ரியாலின் சென்ட் லோரன்டில் விமான உதிரிப்பாகம் வார்க்கும் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்கிற பெண்மணி, பர்மாவின் ஷான் மலைநாட்டுக்காரி. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் குட்டி வெண்கல அன்னங்களை வரிசையாக வைத்தார். பெரியது எலுமிச்சங்காய் அளவு, கடைசி புளியங்கொட்டை. அந்தக் கொட்டைக்கும் இறகு, அலகு, கண்! சாப்பாடு ஆறிப்போனதே எனக்குத் தெரியவில்லை. சந்தையில் வெள்ளி நிறுக்கும் படிக்கற்களாம். எங்கள் ஊரில் படிக்கல் என்றால் வெறும் இரும்புக் கட்டி.

எல்லாம் அவருடைய தகப்பன் வார்த்தவை. பர்மாவிலிருந்து வரும் வழியில் நடு அன்னம் உடைந்துவிட்டது. அதைத் திரும்ப வார்க்க ஆசை. ஆனால் மொன்ட்ரியால்-நோரில் அவர் இருக்கிற வாடகை மாடியில் உலை மூட்ட விடுவார்களா? கர்க்லாண்டில் எங்கள் வீட்டு வளவு சும்மாதானே கிடக்கிறது என்றேன்.

மெழுகில் அன்னம் செய்து, களிமண் பூசிக் காயவைத்துக் கொண்டுவந்தார். சூட்டில் மெழுகு ஓடிப்போனது. உள்ளே அன்னத்தின் வடிவில் வெறும் இடம் இருக்கிறது என்று நம்பவேண்டியதுதான். உடைந்த துண்டுகளோடு கொஞ்சம் பழைய வெண்கலமும் சேர்த்து உருக்கினார். நிறை பழையபடி வந்தால்தான் வரிசையில் சேரும், கூடினால் பொய்ப் படிக்கல் என்றார்.

செக்கச்செவேலென்று வெண்கலம் உருகி நின்றபோது என் மனிசி கிட்டப் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டா. அடுத்த கணம் தன் தங்கத் தோட்டைக் கழற்றி உள்ளே போட்டா. கோயில் விக்கிரகம் வார்க்கும்போது எங்கள் சனம் செய்வதுதான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"உமக்கென்ன விசரே? இது கோயிலே?"

அந்தப் பெண்மணி இடுக்கியால் உலைப் பாத்திரத்தைத் தூக்கினார். உருகினது காத்திருக்காது, ஊற்றிவிட்டார்.

ஆறியதும் மண்ணை உடைத்தார். கரிக்குள்ளிருந்து இறகு இறகாக அன்னம் வெளியே வந்தது. கும்பிட வேண்டும்போல இருந்தது எனக்கு. ஊற்றிய வாயில் உறைந்து நின்ற துண்டை வெட்டிவிட்டுத் தராசில் வைத்தார். நிறை பழையதைவிடக் கூட. மனிசிக்குக் கண் கலங்கிவிட்டது. அராவிக் குறைக்கச் சொல்லி மன்றாடினா.

அவர் அரத்தை எடுத்து அன்னத்தின் வயிற்றில் வைத்தார். பிறகு கீழே வைத்துவிட்டுப் பிரெஞ்சில் சொன்னார். மனிசிக்கு நான் தமிழில் சொன்னேன்:

"எந்தத் தூளோட உம்மட தோடு போகும் எண்டு தெரியாமல், அவ எப்பிடி அராவுறதாம்?"

அந்தப் பொய்ப் படிக்கல்லைத் தகப்பன் வார்த்தவற்றுக்கு நடுவில் அவரே வைத்தார்.