பாலத்துக்கு ஒரு மைல் முன்னால் நின்ற லாரி

படவேட்டு ரேணுகாம்பாளை நம்பி வாழும் எல்லாருக்கும் ஆரணியிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் எழுதுவது.

1981, ஆடி மாதம் மூன்றாம் ஞாயிறு. நைஜீரியாவில், மழையில் ஊறிய ஒரு செம்மண் சாலையில், நின்றுபோன லாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் அம்மனைத் திட்டினேன். ஆமாம், திட்டினேன். அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் இது சாட்சி ஆகாது.

அங்கே ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் எனக்கு வேலை. மனைவி சரோஜா ஆரணியில் என் பெற்றோரோடு இருந்தாள். விடுமுறையில் சுற்றுவட்டார இளைஞர்களுக்குக் கால்பந்துப் போட்டி நடத்த ஆள் இல்லை என்றார்கள். சம்பளம் இல்லாத வேலை. நான் கை தூக்கினேன். எட்டு அணிகள். மூங்கிலில் கோல் கம்பம் நட்டது, சுண்ணாம்பில் கோடு போட்டது, எல்லாம் நானே. யாராவது நிதானமாக நடந்தாலே எனக்குப் பொறுக்காது.

இறுதி ஆட்டத்துக்கு வர வேண்டிய ஓர் அணி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பஸ் கிடையாது. முதல் நாளே போய்த் தங்கி, காலையில் அவர்களை லாரியில் ஏற்றினேன். பதினான்கு பேர். விடியும்வரை அடைமழை. "தண்ணீர் வடியட்டும், நாளைக்கு ஆடலாமே" என்று ஊரில் கெஞ்சினார்கள். நான் கேட்கவில்லை. பத்து மணிக்கு ஆட்டம் என்றால் பத்து மணிக்கு ஆட்டம். என்னை நம்பித்தான் பிள்ளைகளை அனுப்பினார்கள்.

பாலத்துக்கு ஒரு மைல் இருக்கும்போது வண்டி இருமிவிட்டு நின்றது. டிரைவர் மூசா என்ஜினைத் திறந்து பார்த்தார். பழுது எதுவும் தெரியவில்லை. பையன்கள் தள்ளினார்கள், சேற்றில் வழுக்கி விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூசாவிடம் கத்தினேன். பிறகு தள்ளிப் போய்க் கண்ணை மூடினேன்.

"தாயே, இந்த வண்டியக் கெளப்பி வுடு. உன் சந்நிதில வந்து மொட்ட போட்டுக்கறேன்."

கிளம்பவில்லை.

"உனக்குக் கண்ணு தெரியலயா? நல்ல காரியத்துக்குத்தான போறேன்? ஏன் இப்டி பேஜார் பண்ற?"

சத்தமாகவே கேட்டுவிட்டேன். மூசாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என் பக்கம் திரும்பி, "மாஸ்டர், கடவுளிடம் அந்தக் குரலில் பேசாதீர்கள்" என்றார்.

அப்போது பாலத்துப் பக்கமிருந்து ஒருவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். மூச்சு வாங்கியது. "போகாதீர்கள்! பாலம் போய்விட்டது. கால் மணி நேரம் ஆகிறது. நடுவில் அப்படியே உட்கார்ந்து வெள்ளத்தோடு போய்விட்டது."

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். வண்டி நின்று இருபது நிமிஷம். நிற்காமல் போயிருந்தால் சரியாக அந்த நேரம் பாலத்தின் மேல் இருந்திருப்போம். பதினான்கு பிள்ளைகளும். அங்கேயே சேற்றில் மண்டியிட்டேன்.

ஆற்றங்கரைக்கு நடந்தோம். எதிர்க்கரையில் கூட்டம். நாங்கள் பாலத்தோடு போய்விட்டோம் என்று நினைத்து எதிரணிப் பையன்கள் ஓடி வந்திருந்தார்கள். அவர்களின் தலைவன் ஆடமு, போட்டி முழுவதும் இந்த அணியோடு சண்டை போட்டவன். எங்களைப் பார்த்ததும் விரலை நீட்டி ஒவ்வொருவராக எண்ணினான். பதினான்கு வரை எண்ணினான். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு கரையிலும் அழுகையும் சிரிப்பும்.

திரும்பி வந்து மூசா சாவியைத் திருப்பினார். வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது.

வெள்ளம் வடிந்தபின் படகில் போய் ஆடினோம். ஆடமுவின் அணி ஜெயித்தது. தோற்றவர்களும் அவனைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

பயந்துவிடுவாள் என்று சரோஜாவுக்கு இதை நான் எழுதவே இல்லை. அடுத்த வருஷம் லீவில் வந்து, படவேட்டில் மொட்டை போட்ட பிறகுதான் சொன்னேன். அவள் நாளைக் கேட்டாள். சொன்னேன்.

"அன்னிக்கு நம்ம தெருவுல கூழு ஊத்தனோம்ங்க."

"நீ இன்னா வேண்டிகின?"

"இன்னாத்த வேண்டுவேன்? 'இந்த மனுசன் எங்க இருந்தாலும் ஜல்தி ஜல்தினு ஓடிகினே இருப்பாரு. கொஞ்ச நேரம் அவர ஒரு எடத்துல நிறுத்தி வை தாயே'னு கேட்டேன். ஏங்க, தப்பா?"

நான் கணக்கு வாத்தியார். நேர வித்தியாசத்தைக் கணக்குப் போட்டேன். இங்கே மத்தியானம் கூழ் வார்த்து முடித்த நேரம், அங்கே காலை. லாரி நின்ற நேரம்.

அவசரத்தை அன்றே அம்மன் காலடியில் வைத்துவிட்டேன். 1985-இல் ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன். இப்போது கோடைதோறும் கோட்டை மைதானத்தில் நம் தறிக்காரப் பிள்ளைகளுக்கும் சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் கால்பந்துப் போட்டி நடத்துகிறேன். தாமதமாக வரும் பையனிடம் நான் கத்துவதில்லை. முதலில் சாப்பிட்டாயா என்று கேட்கிறேன்.

நீங்களும் அவளிடம் கேளுங்கள். தைரியமாகக் கேளுங்கள். கேட்டது உடனே கிடைக்காவிட்டால் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடாதீர்கள். இன்னும் கொஞ்ச நேரம் அவள் எதிரிலேயே இருங்கள்.